புள்ளி மேல் புள்ளி

அண்ணே, ஆர்டர் ரிப்போர்ட்டுக்கு நீங்கள் ஜாங்கோவில் எழுதிய வரியை நேற்றுதான் தரிசித்தேன். என்ன நீளம்! ஃபில்டர், எக்ஸ்க்ளூட், அன்னொடேட், மறுபடி ஃபில்டர், ஆர்டர்_பை என்று புள்ளி மேல் புள்ளி வைத்து இழுத்த கோலம். ஒரு வரிக்கு 79 எழுத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது பைத்தானின் பெப் 8. அதெல்லாம் எங்களைப் போன்ற சிறுமூச்சுக்காரர்களுக்கு. உங்களுடையது 312.

ஒரே இடத்தில் மனமிரங்கி மடித்திருக்கிறீர்கள், அதுவும் பேக்ஸ்லாஷ் போட்டு. அதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்தால் போதும், எரர். பக்கத்தில் கமெண்ட்டும் எழுத முடியாது. மொத்தத்தையும் ஒரு பிராக்கெட்டுக்குள் வைத்தால் புள்ளிக்கொரு வரியாக விரிந்துவிடும். அந்தச் சுலப வழியைத் திரும்பியும் பாராத வைராக்கியம் யாருக்கு வரும்!

நடுவில் நிறுத்திப் பெயர் வைத்தால் டேட்டாபேஸ் இரண்டு நடை நடக்குமே என்ற உங்கள் இரக்கமும் பெரிது. ஆனால் குவெரிசெட் அவசரப்படாத பிறவி. லூப்பில் சுற்றும்வரை, எண்ணிக்கை கேட்கும்வரை, அது டேட்டாபேஸ் பக்கம் போகாது. மூன்று பெயர் வைத்துப் பிரித்தாலும் கடைசியில் போவது ஒரே எஸ்க்யூஎல்தான்.

உச்சம் அந்த நடுப்பகுதி. ‘போன மாத ஆர்டர்’ ஒரு ஃபில்டர், ‘ரத்தான ஆர்டர்’ இன்னொரு ஃபில்டர். இரண்டு நிபந்தனையையும் ஒரே ஃபில்டருக்குள் எழுதியிருந்தால், போன மாத ஆர்டரை ரத்து செய்த வாடிக்கையாளர் மட்டும் வருவார். பிரித்து அடுக்கியதால், போன மாதம் ஒன்று வாங்கி, என்றைக்கோ வேறொன்றை ரத்து செய்தவரும் பட்டியலில் ஏறிவிட்டார். புள்ளிக்கொரு வரி என்று இருந்தால் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று முதல் பார்வையிலேயே சிக்கியிருக்கும். இவ்வளவு பத்திரமாகப் பிழையை ஒளித்துவைக்க வேறு யாரால் முடியும்?

புதிதாகச் சேர்ந்த பெண் அதை இரவு பதினொரு மணிவரை தேடினாள். கடைசியில் உங்களுக்குத்தான் போன் போட வேண்டியிருந்தது. நீங்கள் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர் போதும் அண்ணே. திரும்பத் திரும்ப வரும் நிபந்தனைகளை குவெரிசெட் வகுப்பில் பெயரோடு ஒரு மெத்தடாக வையுங்கள். மிச்சத்துக்கு ஒரு பிராக்கெட், புள்ளிக்கொரு வரி. திங்கட்கிழமை அவள் அந்த ஃபைலைத் திறப்பதற்குள் செய்துகொடுங்கள்.