முருங்கைக்காய்க்குள்ள இருக்குலே எலும்பு

ஏலே பேராண்டி, ஒன் படத்தைப் பாத்தேன். வில்லன் காலை முறிக்கான், கீச்சுன்னு கேக்குது. எலும்பு முறிஞ்சுதா, எலி செத்துதா? கேட்டா, ‘நெட்ல எறக்குனேன் தாத்தா’ங்க. மழையும் எறக்குமதிதானாமே! நம்ம ஓட்டுக்கூரையில பெய்யுத மழையை எந்தச் சீமைக்காரன்டே பதிஞ்சு குடுத்தான்?

ஜாக் ஃபோலின்னு ஒருத்தரைப் பத்திக் காலேஜுல பாடம் நடத்துனாவன்னியே, பாடம் கேட்டியா, தூங்குனியா? அமெரிக்காவுல யூனிவர்சல் கம்பெனி பேசாத படமா எடுத்து, 1929ல வெளிய வந்த ‘ஷோ போட்’டுக்குச் சத்தம் சேத்த மனுசன். திரையில படம் ஓட ஓட, அதைப் பாத்துக்கிட்டே சத்தம் போட்டாரு. பாத்திரம் நடந்தா அவரும் நடப்பாரு. ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்துல படை நடக்கிற சத்தத்துக்குச் சாவிக்கொத்தை ஆட்டுனாருன்னு சொல்லுதாவ. சாவிக்கொத்து நம்ம வீட்டுலயும் கெடக்கு, நீ தொலைச்சது போக.

எலும்புக்கு வெள்ளைக்காரன் செலரித் தண்டை முறிப்பானாம். நமக்கு முருங்கைக்காய் போதும். முத்துனது வேண்டாம், நார் நாராக் கிழியும். பச்சையா, வெரல் தண்டியில ரெண்டு எடு. ஈரத்துண்டுல சுத்தி, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வச்சு மடக்குன்னு முறி. துண்டுதான் சதை, காய்தான் எலும்பு. தியேட்டர்ல பாக்கிறவன் தன் முட்டியத் தடவிப் பாப்பான்.

மழைக்குச் சுளகுல அரிசியைச் சாச்சு உருட்டு. அடைமழைன்னா ஆச்சி அப்பளம் பொரிக்கையில மைக்கை நீட்டு, எண்ணெயில முக்கிராத. பறவை பறக்கணுமா, குடையைப் படபடன்னு விரிச்சு மடக்கு.

பதியும்போது ஃபேனை அமத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கு. பொறவு மறக்காம மாட்டு, உள்ள மீன் இருக்கு. ஷூட்டிங் எடத்துல ஒருத்தரும் பேசாம அரை நிமிசம் வெறும் எடத்தையே பதிஞ்சுக்கோ. வசனத்தை வெட்டி ஒட்டுன எடத்துல அதை அடியில விரிச்சாத்தான் ஒட்டு தெரியாது. ஒன் சேக்காளியளை அரை நிமிசம் வாய் மூட வைக்க ஃபோலியாலயும் ஆகாது, அது ஒன் பாடு.

டைட்டில்ல ‘சவுண்ட்’னு ஒன் பேரை மட்டும் போட்டு வச்சிராத. அப்பளம் பொரிச்சவ ஒன் ஆச்சி. அவ பேரையும் போடு, இல்லன்னா ராத்திரி சோறு கெடையாது.