திருந்த மறுத்த ஜெயில்

வேலப்பன்சாவடியில் ஜெயில் நினைப்பு வருவதற்குக் குற்றம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறரைக்குப் பூந்தமல்லி ஹைரோட்டைக் கடக்க நின்றால் போதும். விடுதலைத் தேதி யாருக்கும் தெரியாது. இதே ரோட்டில் மேற்கே போனால் பூந்தமல்லி கிளைச் சிறை. கிழக்கே கடைசி வரை போனால், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், பழைய சென்ட்ரல் ஜெயில் இருந்த இடம்.

அந்த ஜெயில் 1837-ல் திறந்தது. மறுவருஷமே சிறை ஒழுங்குக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. கமிட்டி வேண்டும் என்று கேட்டவர் மெக்காலே துரை. நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கொண்டுவந்த அதே புண்ணியவான். கைதிக்குப் படிப்பு வேண்டாம், நீதிபோதனை வேண்டாம், ஒழுங்காக இருந்தால் சலுகை என்பதும் வேண்டாம். மனசு ஒட்டாத, சலிப்பான வேலையை ஓயாமல் கொடுங்கள் என்றது அறிக்கை. ஜெயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ஆள் யோசனை சொன்னதில் ஃபைல் மாறிப் போயிருக்குமோ என்று நம் பரீட்சைகளைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது.

அந்தச் சலிப்பு வேலைக்குக் கோவை ஜெயிலில் ஒரு செக்கு இருந்தது. 1908-ல் தண்டனை பெற்ற வ.உ.சி.யை மாட்டுக்குப் பதிலாக அதில் பூட்டினார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட வக்கீல், செக்கைச் சுற்றி நடந்து எண்ணெய் ஆட்டினார். இவர் திருந்தி என்ன ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ! 1912 கடைசியில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனிதான் காணாமல் போயிருந்தது. ஆள் அப்படியேதான் இருந்தார்.

1919-ல் வெள்ளைக்காரனுக்கே ஞானம் பிறந்தது. மதராஸ் ஐ.சி.எஸ். அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் இன்னொரு கமிட்டி கிளம்பியது. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று சர்க்கார் செலவில் ஊர் ஊராகப் போய் ஜெயிலாகப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆளைத் திருத்தி ஊருக்குத் திருப்பி அனுப்புவதுதான் ஜெயிலின் வேலை என்றார்கள். பலன் கொஞ்சம் இருந்தது: இளவயசுக் குற்றவாளிகளுக்காக 1925-ஆம் வருஷத்துப் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. தாய்ச் சட்டமான சிறைச் சட்டம் மட்டும் 1894-ல் போட்டது போட்டபடி. சுதந்திரம் வந்தது, சட்டம் அசையவில்லை. 1983-ல், சிறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த முல்லா கமிட்டி புதுச் சட்டம் கேட்டது. மத்திய அரசு மாதிரிச் சட்டம் எழுதி முடித்தது 2023-ல். ஆயுள் கைதிக்காவது தண்டனைக் குறைப்பு உண்டு, ஃபைலுக்கு அதுவும் கிடையாது.

இதற்குள் 2006-ல் சென்ட்ரல் ஜெயில் புழலுக்குக் குடிபோனது. 2009-ல் பழைய கட்டடத்தை இடிக்கும் முன் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். உள்ளே போகாமல் தப்பிக்க வக்கீல் வைத்த ஊர், உள்ளே போகக் கூட்டம் கூட்டமாய் வந்தது!

2023 ஆகஸ்டில் புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் வந்தது. நாட்டிலேயே முதல் என்றார்கள். நம் அம்பத்தூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தினால், தண்டனை பெற்ற ஒரு பெண் குழாயை மாட்டிவிட்டு மீட்டரைக் காட்டுகிறார். மெக்காலே அறிக்கையில் இதற்கு இடமே இல்லை.

ஆனால் இதெல்லாம் தண்டனை பெற்றவர்களுக்கு. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 76 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களைத் திருத்துவது அப்புறம் இருக்கட்டும்; தப்பு செய்தார்களா இல்லையா என்பதை முதலில் சொல்லித் தொலையுங்கள், சாமி.