கேட்டோடு முடியும் கருணை

பேட்டரி கார் தொடக்க விழாவில் முதலில் ஏறுகிறவர் ஒருநாளும் முதியவராக இருந்ததில்லை. மாவிலைத் தோரணம் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்கண்ணாடியில் சந்தனம் தீற்றியதும் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு மாண்புமிகு உட்காருவார். பின்னால் வட்டம், மாவட்டம், மாவட்டத்தின் மச்சான். "சார், ஒரு பெரியவங்க இருந்தா நல்லா இருக்கும்" என்று போட்டோகிராபர் தலையைச் சொறிவார். கூட்டத்தில் அகப்பட்ட ஒரு பாட்டியைத் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்து நாலு படம் எடுப்பார்கள். வண்டி பத்தடி நகர்ந்ததும், "இறங்கும்மா, ஐயாவுக்கு நேரமாச்சு." மறுநாள் பேப்பரில் அந்தப் பத்தடிப் பயணத்தின் பெயர் முதியோர் நலன்.

போகட்டும், வண்டியாவது வந்ததே. சென்னை சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ஓடுகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியும் ஸ்ரீரங்கத்திலும் ஓடுகிறது. வேண்டியதுதான். 22 பெட்டி ரயில் என்றால் அரை கிலோமீட்டர் நீளம். முட்டி தேய்ந்தவருக்கு அது இன்னொரு திருத்தலப் பயணம். ஆனால் இந்தக் கருணையை வழங்கும் ரயில்வேதான் 2020 மார்ச் 20 முதல் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையை நிறுத்தியது. 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்தது. கொரோனா காலம், பெரியவர்கள் வெளியே வராமல் இருப்பதே நல்லது என்றார்கள். கொரோனா போய்விட்டது. 'வெளியே வராதே' மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

ஸ்டேஷன் கேட்டைத் தாண்டினால் பேட்டரி காரும் இல்லை, முதியவரும் இல்லை. அதாவது, அரசின் கண்ணுக்கு இல்லை. சென்னை மாநகரப் பேருந்தில் 60 தாண்டிய தாத்தாவுக்கு மாதம் 10 இலவச டோக்கன். போக ஒன்று, வர ஒன்று என்றால் ஐந்து முறை வெளியே போய்வரலாம். ஆறாவது முறை ஆசைப்பட்டால் அது ஊதாரித்தனம். பாட்டிக்கு 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே வேண்டாம், ஏறினால் போதும். ஏறுவதுதானே வில்லங்கம்! பழைய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். 400 மில்லிமீட்டர் தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்தப் படிகளின் உயரத்தை யாரும் அளக்கவில்லை. அந்த பஸ்ஸும் மெயின் ரோட்டில்தான் நிற்கும். வீட்டிலிருந்து ஸ்டாப் வரை உள்ள தூரத்தை யார் கணக்கில் வைப்பது?

அதற்குத்தான் எல்லாம் வீடு தேடி வருகிறதே என்பார்கள். வருகிறதுதான். 2021-இல் சுகர் மாத்திரை வந்தது. 2024-இல் 85 தாண்டியவரின் வாக்குச்சீட்டு வந்தது. 2025-இல் 70 தாண்டியவருக்கு ரேஷன் அரிசி வந்தது. படுக்கையில் கிடப்பவருக்கு இது புண்ணியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடமாட ஆசையுள்ள ஒரு மனுஷிக்கு அரிசி மட்டுமா வேண்டும்? ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று சண்டை போட வேண்டும். பேங்க்கில் பாஸ்புக்கை நீட்டி, "என்ட்ரி போட்டுக் குடுப்பா" என்று அந்தப் பையனை வறுக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளிப் படுத்துவிட்ட சிநேகிதியைப் பார்த்துவிட்டு வர வேண்டும், அவள் போவதற்குள். இதற்கெல்லாம் தேவை ஒன்றரை கிலோமீட்டர் போகிற ஒரு சின்ன வண்டி, நாலு பேர் சேர்ந்து பத்துப் பத்து ரூபாய் போட்டு ஏறுகிற வண்டி. இ-ரிக்‌ஷாவைச் சட்டமே 2015-இல் ஏற்றுக்கொண்டது: நாலு பயணி, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. முதியவருக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு விதி.

ஆட்டோவில் போகலாமே என்கிறவர்களுக்கு: 2023-இல் முதியோர் ஓய்வூதியத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். அதில் 80 வயதுக்குட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், வருஷக்கணக்காக அசையாத 200. ஆட்டோவுக்கு 2013-இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணம் 25 ரூபாய். அந்த விலைக்கு ஏற்றிக்கொண்ட ஆட்டோவைப் பார்த்தவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லவும்.

அந்தச் சின்ன வண்டியைக் கேட்டு மனு கொடுத்துப் பாருங்கள். பதில் எனக்கு இப்போதே மனப்பாடம். தெரு குறுகலாக உள்ளதால் வண்டி திரும்ப இயலாது. சார்ஜ் செய்ய இடவசதி இல்லை. ஓட்டுநர் பணியிடம் ஒப்பளிக்கப்படவில்லை. பராமரிப்புச் செலவுக்கு நிதி ஒதுக்கீடு இல்லை. எனவே தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது.

அப்படியா சார்? அப்போது தினமும் காலையில் அதே குறுகல் தெருவில், பாட்டு போட்டுக்கொண்டு, பாட்டியின் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறதே, அது என்ன வண்டி? பேட்டரி வண்டிதானே? அதற்கு சார்ஜ் போட இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, டெண்டர் இருக்கிறது. ஒருநாள் வராவிட்டால் கவுன்சிலருக்குப் போன் பறக்கிறது. குப்பைக்கு வீட்டு வாசலில் பேட்டரி வண்டி! அதைப் போட வாசலுக்கு வருகிற கிழவிக்குத்தான் தெரு குறுகிவிடுகிறது. வண்டியோடு வருகிற அக்காவை நான் குறை சொல்லவில்லை, அந்தத் தெருவில் "சாப்டியாம்மா?" என்று பாட்டியைக் கேட்கிற ஒரே அரசுக் குரல் அவளுடையதுதான், அதுவும் ஒப்பந்தக் கூலிக் குரல்.

புதிதாக வண்டி வாங்கிக் கஜானாவைக் காலி பண்ண வேண்டாம். குப்பை எடுத்து முடித்த பிறகு மத்தியானத்துக்கு மேல் அந்த வண்டிகள் சும்மாதான் நிற்கின்றன. தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசினால் சாயங்காலம் பேங்க்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலாம். பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. பாட்டியை எதில் உட்கார வைப்பது என்று மட்டும் ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் போதும்.