திருச்சி ரோட்டில் இரண்டு 350

எண்பதுகளில் சூலூருக்குப் புது வண்டி வந்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “லிட்டருக்கு எத்தனைங்க குடுக்குது?” புல்லட் அதில் ஒருவழியாகத் தேறிவிடும். ராஜ்தூத் 350 தேறாது. 30 கிலோமீட்டரைத் தொடாத வண்டியை, தறி ஓட்டிக் காசு சேர்க்கிற ஊர் எப்படி மதிக்கும்?

பெரியப்பாவின் புல்லட் திருவொற்றியூரில் செய்தது. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 18 குதிரைத்திறன். பின்னால் நூல் மூட்டையைக் கட்டிக்கொண்டு சோமனூர், பல்லடம் என்று நிதானமாகப் போய்வருவார். அதை ஸ்டார்ட் செய்வது தனி வித்தை. கிக்கரை மெல்ல அழுத்தி, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை பார்க்க வேண்டும். டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டுவிட்டு, ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். “முள்ளப் பாத்து மிதி கண்ணு, பலத்தக் காட்டாத” என்பார்.

பக்கத்து வீதி அண்ணன் வாங்கியது ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ஃபரிதாபாத்தில் செய்து விற்றது. 347 சிசி, புல்லட்டை விட ஒரே ஒரு சிசி கூடுதல். ஆனால் இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ரகத்துக்கு 30.5 குதிரைத்திறன். மூன்றாவது கியரில் முறுக்கினால் இரண்டு சைலன்சரும் ஒன்றாகக் கதறும், பின்னால் உட்கார்ந்தவன் உடம்பு ஒரு சாண் பின்னுக்குப் போகும். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவோம்.

‘ஆளக் கொல்ற வண்டி’ என்று ஊர் பேர் வைத்தது. பழி முழுக்க ஓட்டிய பையன்கள் மேல். அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஜப்பான் வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இங்கே செலவைக் குறைக்க டிரம் போட்டார்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் புல்லட் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி இல்லை, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு அன்றைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆர்டியில் நேர்மாறு. புல்லட்டில் பழகிய கால், குறுக்கே மாடு வந்தால் பிரேக் என்று நினைத்துக் கியரைத்தான் மிதிக்கும். வேகம் பார்க்க அப்போது திருச்சி ரோட்டை விட்டால் வேறு இடமும் கிடையாது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்ததே 2003-இல்தான்.

பத்தாண்டு கூடத் தாங்காமல் ராஜ்தூத் 350 நின்றுபோனது. எடைக்குப் போனவை போக மிஞ்சியதை இன்று லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். மைலேஜ் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. புல்லட்டோ ஓயவே இல்லை. 2023-இல் வந்த புல்லட் 350-க்கு செல்ஃப் ஸ்டார்ட், இடது கால் கியர், முன்னால் டிஸ்க், ஏபிஎஸ் எல்லாம் உண்டு. ஆம்பியர் முள் இல்லை. பெரியப்பாவின் வித்தைக்கு இனி வேலையும் இல்லை.

பழைய ஆர்டியைத் தேடிப் பிடித்துக் கட்டுகிறவர்களில் சிலர், கம்பெனி போட்ட டிரம்மை மாற்றினால் வண்டியின் மதிப்பு போய்விடும் என்கிறார்கள். கண்காட்சியில் நிறுத்துவதற்கானால் அப்படியே இருக்கட்டும். திருச்சி ரோட்டில் ஓட்டுவதானால் முதலில் டிஸ்க்கை மாட்டுங்கள், பெயின்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.