கூண்டு யாருக்கு?

பெரிய மார்க்கெட்டில் கிளிக்கென்றே மிளகாய்ப்பழமும் கொய்யாவும் வாங்கிவிட்டேன். இனி கூண்டும் கிளியும்தான் பாக்கி. வளர்க்கலாம்தானே?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

மிளகாய் சரி, பறவைகளுக்குக் காரம் உறைக்காது. ஆனால் கூண்டு யாருக்கு? நம் ஊர்ப் பச்சைக்கிளியை அடைத்து வைத்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி எண்ணப் போவது நீங்கள்தான்! ஜோசியக்காரரின் கிளிக்கும் இதே சட்டம்தான்.

கொஞ்சிப் பேச ஆசையென்றால், கடைகளில் ‘லவ்பேர்ட்ஸ்’ என்று விற்கிற ஆஸ்திரேலியக் குட்டிக்கிளிகளுக்குத் தடையில்லை. ஜோடியாகவே வாங்குங்கள், கூட்டமாய் வாழும் இனம், தனியே விட்டால் ஏங்கிப்போகும். தயவுசெய்து கூண்டை அடுப்படியில் மாட்டாதீர்கள். நான்-ஸ்டிக் சட்டி வெறுமனே அடுப்பில் காய்ந்தால், அந்தப் புகையே பறவையின் உயிரைக் குடித்துவிடும்.