ஒரு ‘இல்’லும் மூன்று துரைமார்களும்

இங்கிலீஷ் எழுதும்போது எங்கே ‘இன்’, எங்கே ‘ஆன்’, எங்கே ‘அட்’ என்று தெரியாமல் பேனாவைக் கடிப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. வாசுதேவநல்லூரில் பல வருஷம் ட்யூஷன் எடுத்து, பிள்ளைகளைவிட அதிகமாகக் குழம்பினவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு தென்காசி பஸ் பிடியுங்கள். பஸ்ஸில் ஏறுகிறீர்கள், பஸ்ஸில் உட்காருகிறீர்கள், ‘பஸ்ஸில் வந்தேன்’ என்று வீட்டில் சொல்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’. இங்கிலீஷ்காரன் ‘ஆன்’ போட்டு ஏறி, ‘பை’ போட்டு வருவான். அதே ஆள் காரில் ஏறினால் ‘இன்’. பஸ்ஸுக்குள் எழுந்து நிற்கலாம், காருக்குள் முடியாது, அதனால்தான் என்று விளக்கம் வேறு சொல்வார்கள். என்னைக் கேட்டால், சிவகிரியிலிருந்து படியில் தொங்கிக்கொண்டு வருகிறவன் ஒருத்தன்தான் உண்மையில் பஸ்ஸின் ‘ஆன்’.

அடுத்து ஊர்ப் பெயர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் பெரிய ஊருக்கு ‘இன்’, சிற்றூருக்குப் பெரும்பாலும் ‘அட்’ என்கிறது. தென்காசி 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது, ‘இன்’ போட்டுக்கொள்ளட்டும். நம்மூர் பேரூராட்சி, ஆனால் சட்டமன்றத் தொகுதி. எதில் சேர்ப்பது? டீக்கடையில் வாய்விட்டு யோசித்தேன். “அப்போ நம்மூரு சின்ன ஊருன்னு சொல்லுதியளோ?” என்று ஒரு அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். அன்றிலிருந்து வாசுதேவநல்லூருக்கும் ‘இன்’தான். மார்ட்டின் துரை இந்தக் கடைக்கு டீ குடிக்க வரப்போவதில்லை. நான் தினமும் வரவேண்டும்.

திருநெல்வேலிச் சீமையிலேயே, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், நம் மொழிகளில் இந்த ‘இன்’, ‘அட்’ சங்கதியெல்லாம் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார். நமக்கு வால், அவர்களுக்குக் கொம்பு. வால் ஆடும், கொம்பு முட்டும்.

எங்கே முட்டும்? கல்யாணத்தில். ‘மேரீட் வித்’ என்று எழுதாத பையனை நான் பார்த்ததில்லை. ‘அவளோடு கல்யாணம்’ என்றால் ‘வித்’தானே என்பான். சரியான விடை ‘மேரீட் டு’. இதற்கு ஓர் உபாயம் உண்டு: ஆச்சியைக் கேளுங்கள். “அவ சங்கரன்கோவில்காரனுக்கு வாக்கப்பட்டுப் போனா” என்பார். காரனுக்கு: நான்காம் வேற்றுமை, ‘கு’, அதாவது ‘டு’! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆச்சி கணக்காகச் சொல்லிவிட்டார். நம்மைக் கெடுத்தது இந்த ‘ஓடு’தான். அதற்காக எல்லாவற்றுக்கும் ஆச்சியிடம் ஓடாதீர்கள். “பாம்புக்குப் பயம்” என்பார். நீங்கள் ‘அஃப்ரெய்ட் டு’ என்று எழுதி மார்க்கை இழப்பீர்கள். அங்கே ‘ஆஃப்’.

எதுவுமே தேவைப்படாத இடத்திலும் ஒன்றைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ அவர்கள் கைவண்ணம். ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்பதன் ‘பற்றி’ விடாமல் பற்றிக்கொண்டு வருகிறது. புளியங்குடியில் எலுமிச்சம்பழத்துக்குக் கொசுறு கேட்கலாம். ‘டிஸ்கஸ்’ஸுக்குக் கொசுறு கிடையாது.

ஆனால் லீவ் லெட்டரைப் பாருங்கள். ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. கடைசி பெஞ்சுக்காரனும் இதில் தப்புவிட்டதில்லை. ‘காய்ச்சலால்’ என்று யோசித்திருந்தால் ‘பை’ போட்டிருப்பான். யோசிக்கவில்லை, மொத்தமாக விழுங்கினான், பிழைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் மாட்டிக்கொண்டால் தொல்காப்பியரைக் கூப்பிடுங்கள். ஓர் உருபு இன்னோர் உருபின் பொருளில் வருவதற்கெல்லாம் இடம்கொடுத்து, சொல்லதிகாரத்தில் ‘வேற்றுமை மயங்கியல்’ என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். சிவப்புப் பேனா கிட்டே வரும்போது, “உருபு மயக்கம் சார்” என்று சொல்லிப் பார்க்கலாம். நான் ஒருமுறை சொன்னேன். இருந்த அரை மார்க்கும் போயிற்று.

போன சீசனில் ஒரு பையன் கட்டுரை நோட்டோடு வந்து நின்றான். “சார், ஐந்தருவில குளிச்சேன்னு எழுதணும். இன்னா, அட்டா, அண்டரா?”

நானும் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்தேன்.

“ஏல, நீ மொதல்ல போய்க் குளிச்சிட்டு வா” என்றேன்.