மாப்பிள்ளை கொடுத்த ஷாஃப்ட்

ஐம்பது தாண்டிய ஆண்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்டபின் இவ்வளவு, மூன்று மாதச் சராசரி இவ்வளவு என்று முன்பின் தெரியாதவரிடம்கூட ஒப்பிப்பார்கள். கொலஸ்ட்ரால் கேட்காமலே வரும். அதே மனிதர் கோல்ஃப் ஆடுகிறவராக இருந்தால், "உங்க ஸ்விங் ஸ்பீடு என்ன சார்?" என்று கேளுங்கள். பார்வை தூரத்து மரத்துக்குப் போய்விடும். "நூறு இருக்கும்" என்பார். இருக்காது.

ஆண் அமெச்சூர்கள் கிளப்பை வீசும் சராசரி வேகம் மணிக்கு 93 மைல் சொச்சம் என்று ராடார் கருவிக்காரர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க பிஜிஏ டூரில் அதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு 115-ஐ ஒட்டி வரும். பென்ஷன் வாங்கத் தொடங்கி, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு விடிகாலையில் மைதானத்துக்கு வருகிற எங்கள் கோஷ்டிக்கு 80-லிருந்து 85. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் வெட்கப்படுகிறார்கள். அந்த வெட்கத்தை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது.

டிரைவர்தான் பையிலேயே நீளமான கிளப். டீயில் பந்தை வைத்து, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் அடி அடிப்பது பெரும்பாலும் அதில்தான். அதன் தண்டில், அதாவது ஷாஃப்டில், ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும். எல் என்றால் பெண்களுக்கு, ஏ என்றால் மூத்தோருக்கு. ஆர் சாதாரணம், எஸ் விறைப்பு, எக்ஸ் மகா விறைப்பு. 75 மைலுக்குக் கீழே எல், 85 வரை ஏ, 95 வரை ஆர், 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்று ஒரு தோராயக் கணக்கும் உண்டு. கணக்குப்படி எங்கள் கோஷ்டியில் முக்கால்வாசிப் பேர் ஏ. ஆனால் ஒருவர் பையிலும் ஏ கிடையாது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிற பொருளில் 'இவருக்கு வயசாயிடுச்சு' என்று எழுதி வாங்க யாருக்கு மனசு வரும்? 2020-ல் ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோது ஊரைக் கூட்டிப் புலம்பியவர்தான், கடையில் சீனியர் ஷாஃப்டை எடுத்து நீட்டியதும் "அது அப்பாவுக்கு வாங்கும்போது பார்த்துக்கலாம், எஸ் காட்டுப்பா" என்றார். அவருடைய அப்பா காலமாகி வெகுகாலமாகிறது.

பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்த எழுத்துக்கு ஒரு சட்டமும் கிடையாது. பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது, டிரைவரின் நீளம் 48 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தலையின் கன அளவு 460 சிசிக்குள் இருக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் விதி எழுதிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பெரியவர்களும் அமெரிக்கச் சங்கத்தாரும் ஷாஃப்டின் விறைப்பை மட்டும் கம்பெனிக்காரர்களின் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள். ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ்ஸைவிட விறைப்பாக இருக்கும். ஆக, 'நான் எஸ் ஆடுகிறேன்' என்று மார்தட்டுகிறவர் எதை ஆடுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஹிக்கரி மரத்தில் ஷாஃப்ட் செய்த காலத்தில் இந்த வம்பே இல்லை. பட்டறைக்காரர் ஆளைப் பார்ப்பார், வீச்சைப் பார்ப்பார், மரத்தைச் சீவிச் சீவி வளைவைச் சரிசெய்து கொடுப்பார். இரும்பு ஷாஃப்டுக்கு அமெரிக்காவில் 1924-லும், பிரிட்டனில் 1929-லும் அனுமதி கிடைத்தது. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்து இறக்க ஆரம்பித்தபின் ஆளைப் பார்க்க யாருக்கு நேரம்? எழுத்தைப் போட்டார்கள்.

தலையும் அப்படித்தான் வளர்ந்தது. பெர்சிமன் மரத்தில் கைப்பிடிக்குள் அடங்குகிற தலையாக இருந்ததை 1979-ல் டெய்லர்மேட் உலோகமாக்கியது. 1991-ல் காலவே கம்பெனி அதைப் பெரிதாக்கி, முதல் உலகப்போரின் ஜெர்மன் பீரங்கியான 'பிக் பெர்த்தா'வின் பெயரை வைத்தது. பீரங்கி வேண்டாம் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? இன்றைய தலை 460 சிசி. நம்ம ஊர் புல்லட்டே 350 சிசிதான். இவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டும் பந்தின் உச்சந்தலையை மட்டும் தடவிவிட்டுப் போகத் தெரிந்தவர்கள் எங்கள் கோஷ்டியில் உண்டு.

நிலைமை இப்படியிருக்கும்போதுதான் என் மாப்பிள்ளை டெக்சாஸிலிருந்து வந்தார்.

மாப்பிள்ளைக்கு முப்பது சொச்சம். கல்லூரியில் வேகப்பந்து வீசியவர். டிரைவரை 110 மைலுக்குக் குறையாமல் வீசுவார். புது டிரைவர் வாங்கிவிட்டதால் பழையதை எனக்கென்று எடுத்து வந்திருந்தார். கோல்ஃப் கிளப்பை விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், 45 அங்குலம் சூட்கேஸில் அடங்காது. அதற்காகவே பெரிய உறை வாங்கி, பஞ்சு சுற்றி, சரக்கோடு போட்டு, இரண்டு கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். "செம பவர் மாமா, அடிச்சுப் பாருங்க" என்றார். ஷாஃப்டைப் பார்த்தேன். எக்ஸ். தலையைத் திருப்பிப் பார்த்தேன். 9 டிகிரி.

தீபாவளிக்கு மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்வதுதான் முறை. மாப்பிள்ளை மாமனாருக்கு ஒன்று செய்தால் அதை எப்படிக் குறை சொல்வது என்பதற்கு நம்மிடம் வழக்கமே ஏற்படவில்லை. "அப்பா, அவர் ஆசையா தூக்கிட்டு வந்திருக்காருப்பா" என்று பெண் வேறு கதவோரம் நின்று சொல்லிவிட்டாள். மறுநாளே மைதானத்துக்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளையும் கூட வந்தார்.

பந்து புறப்பட்டது உண்மை. முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை என்பதும், வலப்பக்கத்துப் புதரைத் தேடிக்கொண்டு போனது என்பதும் அதைவிட உண்மை. பை தூக்கி வரும் எங்கள் கேடி இந்த மைதானத்தில் எல்லார் வீச்சையும் பார்த்துத் தலை நரைத்தவர். மாப்பிள்ளை காதில் விழாமல், "இந்தத் தடி உங்களுக்கு ஆவாது சார். த்ரீ உட்டு எடுங்க, மானம் மிஞ்சும்" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற பௌதிகம் இதுதான். வீச்சு கீழே இறங்கத் தொடங்கும்போது ஷாஃப்ட் பின்பக்கமாக வளைகிறது. பந்தைத் தொடுகிற கணத்தில் முன்பக்கமாக வளைந்திருக்கிறது. அந்த முன்வளைவு கிளப்பின் முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. மெதுவாக வீசுகிறவர் கையில் மகா விறைப்பு ஷாஃப்ட் இருந்தால் இந்த வளைவு குறையும். வலக்கைக்காரர் அடித்த பந்து தாழ்வாக, பெரும்பாலும் வலப்பக்கமாகப் போகும். தேவைக்கு மேல் தொளதொளப்பாக இருந்தால் இடப்பக்கம் இழுக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் லாஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதுதான் பெரிய குறை. லாஃப்ட் என்பது முகத்தின் சாய்வு. வேகம் இருப்பவர் 9 டிகிரியில் அடித்தால் பந்து எழுந்து மிதந்து போகும். வேகம் இல்லாதவர் அதே 9-ல் அடித்தால், காற்றில் நிற்கப் போதுமான உயரமும் சுழற்சியும் கிடைக்காமல் சீக்கிரமே தரைக்கு வந்துவிடும். போதாததற்கு, லாஃப்ட் குறையக் குறைய, பந்து வலப்பக்கம் வளைந்தோடுகிற ஸ்லைஸ் கூடும். 82 மைல்காரருக்கு 12 டிகிரிதான் தூரம் தரும். 12 டிகிரி டிரைவரைக் கடையில் கேட்கிற ஆணை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நீளத்திலும் இதே கதைதான். கடையில் விற்பது பெரும்பாலும் 45.5 அங்குலத்துக்குக் குறையாது. நீளம் கூடினால் வேகம் கூடும் என்பது விளம்பரம். நீளம் கூடினால் பந்து முகத்தின் நடுவில் படாது என்பதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். தொழில்முறை வீரர் ரிக்கி ஃபவுலர் ஒரு காலத்தில் 43.5 அங்குல டிரைவரோடு ஆடினார், ஜெயித்தும் இருக்கிறார். இதைச் சொன்னால் எங்கள் கோஷ்டியில் ஒருவர் உடனே மிக்கல்சனை இழுப்பார். ஃபில் மிக்கல்சன் 2021-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை 50 வயதில், 48 அங்குலத்தை நெருங்கிய டிரைவரோடு வென்றது நிஜம். அடுத்த ஜனவரியிலேயே பெரிய போட்டிகளில் 46 அங்குலம்தான் என்று விதி வந்ததும், அவர் கோபித்துக்கொண்டதும் நிஜம். நண்பருக்கும் மிக்கல்சனுக்கும் பொதுவாக இருந்தது 50 வயது ஒன்றுதான். அதையும் நண்பர் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது.

தூரம்தான் எல்லாம் என்பவர்கள் அதிதி அசோக்கை மறந்துவிட வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் பெங்களூருப் பெண் தூரம் அடிப்பதில் பின்வரிசைதான். ஆனாலும் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில்தான் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார்.

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்பியதும், ஆளுக்கேற்ப கிளப்பை அளவெடுத்துத் தருகிற கிளப் ஃபிட்டர் ஒருவரிடம் போனேன். ஏசி அறை, எதிரே திரை, பக்கத்தில் ராடார் கருவி. சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். சில பந்துகள் அடித்ததும், "டெம்போ ரொம்ப அழகா இருக்கு சார்" என்றான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்குமுன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தால் நமக்குப் புரியாதா? "தம்பி, எண்ணைச் சொல்லு" என்றேன். 82.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஃபிட்டரிடம் போகிற எல்லாரும் முதல் பத்துப் பந்தை மைதானத்தில் என்றைக்கும் அடிக்காத வேகத்தில் அடிப்பார்கள். பையன் பார்த்துக்கொண்டிருக்கிறானே, விட முடியுமா? அந்த வேகத்துக்கு ஷாஃப்ட் வாங்கினால் அது அந்த ஏசி அறைக்குத்தான் பொருந்தும். மூச்சு வாங்கி, தோள் சோர்ந்து, வீம்பு வடிந்த பிறகு வருகிற வீச்சுதான் ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாவது குழியில் வரப்போகிற வீச்சு. அதற்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். மிக அதிகத் தூரம் போன ஒரு பந்தைக் காட்டி மயக்கினால் மயங்காமல், எல்லாப் பந்தும் எவ்வளவு அகலத்துக்குச் சிதறியிருக்கிறது என்று கேளுங்கள். மலிவான சோதனையும் ஒன்று உண்டு: பள்ளிக்கூட ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஒரு பொட்டு வைத்து அடித்தால், முகத்தில் எங்கே பட்டது என்று மை சொல்லிவிடும். ஷாஃப்ட் பக்கம் ஒட்டிப் பட்டால் ஸ்லைஸ் கூடும், முனைப் பக்கம் பட்டால் பந்து உள்ளே திரும்பும், நடுவில் பட்டால் உங்கள் வேகத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் பந்து கிளம்பும். அதைவிட அதிகம் தருவதாக எவர் சொன்னாலும் பர்ஸை மூடுங்கள்.

கொடைக்கானலில் சோதித்துப் பார்த்து வாங்குவதும் ஆகாது. 7,000 அடி உயரத்தில் காற்று மெல்லியது. பந்து ஏறத்தாழ பத்து சதவீதம் அதிகம் போகும். மேய்கிற காட்டெருமைகளைத் தாண்டி அடித்துவிட்டு 'டிரைவர்னா இது' என்று இறங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். சென்னை வந்ததும் பந்தும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

என் வழக்குக்குப் பையன் சொன்ன தீர்ப்பு நம்ம ஊருக்கென்றே செய்தது. தலையை மாற்றத் தேவையில்லை, ஷாஃப்டை மட்டும் மாற்றலாம். தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் உள்ள இணைப்பை ஸ்பானரால் கழற்றித் திருப்பினால் 9 டிகிரியை இரண்டு டிகிரி வரை ஏற்றலாம், அப்படி ஏற்றும்போது முகமும் கொஞ்சம் மூடிக்கொண்டு ஸ்லைஸைக் குறைக்கும். ஒரு கம்பெனி இணைப்பு இன்னொரு கம்பெனித் தலைக்குச் சேராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 50 கிராம் எடையில் லேசான ஷாஃப்ட், நீளம் 44.5. எழுத்து ஏ. "எழுத்தைக் கீழ்ப்பக்கமாத் திருப்பிப் பொருத்தட்டுமா சார்? நிறையப் பேர் அப்படித்தான் கேப்பாங்க" என்றான். கோஷ்டியில் யார் யாரெல்லாம் அப்படிக் கேட்டிருப்பார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

மாப்பிள்ளைக்கு வீடியோ அழைப்பில் தலையை மட்டும் காட்டினேன். "சூப்பர் மாமா" என்றார். எக்ஸ் ஷாஃப்ட் வீட்டில் பரண்மேலிருந்து பெட்டி இழுக்க நன்றாகப் பயன்படுகிறது. அது கொஞ்சமும் வளைவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது சுருக்கம்தான். லாஃப்டைக் கூட்டுங்கள், நீளத்தைக் குறையுங்கள், எழுத்தைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். ஃபிட்டரிடம் தனியாகப் போங்கள், நண்பரைக் கூட்டிப் போனால் அவர் எதிரில் ஏ வாங்க முடியாது. "அடுத்த தடவை வரும்போது என்ன வேணும் மாமா?" என்று அமெரிக்காவிலிருந்து யாராவது கேட்டால் பந்து கேளுங்கள். எப்படியும் தொலையப்போகிற பொருள், யார் மனசும் புண்படாது.